கொல்லனுக்குப் பகடை கிடையாது

1. பாதியில் எழுந்து போனவன்

கொல்லனாக விளையாடிய சேவியர் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டான். விளையாட்டுப் பெட்டி அச்சுக்குப் போக ஆறு நாள்தான் இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு லித்தோ பிரஸில் நான் ஆர்ட்டிஸ்ட். தீப்பெட்டி லேபிள், காலண்டர், பாம்பு ஏணி அட்டை எல்லாம் வரைவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். அதில் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும்.

"சங்கரா, இதே மாதிரி தமிழ்ல ஒண்ணு போடு. முழுப்பரீட்சை லீவுக்குள்ள கடைக்குப் போயிரணும்" என்றார் முதலாளி.

பதினோரு வருஷமாக அடுத்தவர் கேட்டதையே வரைந்தவன் நான். முதல்முறையாகப் பெட்டிக்குள் இருப்பதும் என்னுடையதாக இருக்கப் போகிறது. ராத்தூக்கம் போனது, பசி போனது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பைண்டிங் மேஜையில் ஆடிப் பார்ப்போம். கதை சொல்வது நான். பைண்டிங் செக்‌ஷன் கோமதி மந்திரவாதி, அங்கே வேலை பார்க்கும் மூன்று பையன்கள் வீரர்கள். கொல்லன், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் எங்கள் மெஷின் மெக்கானிக் சேவியர். நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"காட்டாறு பெருக்கெடுத்து ஓடுது. அக்கரைக்குப் போகணும்" என்றேன்.

"எதுத்தாப்புல பாறைல சங்கிலிய மாட்டி எல்லாத்தையும் இழுத்துருதேன்" என்றான் சேவியர்.

"பகடைக் கட்டைய உருட்டு. நாலுக்கு மேல விழணும்."

இரண்டு விழுந்தது. சங்கிலி நழுவியது. கோமதி தன் மந்திரச் சீட்டை எடுத்துப் போட்டாள். "பறக்கும் மந்திரம். எல்லாரும் அக்கரைல இருக்கோம்ணே."

சீட்டில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன், மந்திரத்துக்குப் பகடை வேண்டாம் என்று. அடுத்து வந்த பூட்டிய கதவும் அப்படியே திறந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. கொல்லனின் பலத்தை ஆறிலிருந்து ஒன்பதாக்கினேன், பிறகு பன்னிரண்டாக்கினேன். மந்திரவாதிக்கும் பன்னிரண்டு. காகிதத்தில் இருவரும் சமம். சேவியர் தன் சீட்டை என் பக்கம் தள்ளினான்.

"எம்புட்டு பலம் குடுத்து என்னலே? அவ சொன்னா நடந்துருது. நான் சொன்னா உருட்டுன்னு சொல்லுத. எனக்கு இதுல என்ன சோலி?"

துடைத்த கையைத் திரும்பவும் துடைத்துக்கொண்டு மெஷினிடம் போய்விட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது.

2. அளந்து பார்த்தியா?

புதன்கிழமை சீட்டுகளைச் சோதனைக்கு ஓட்டினோம். ரெஜிஸ்டர் கெட்டிருந்தது, அதாவது ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. மந்திரவாதியின் உதட்டுச் சிவப்பு தாடையில் போய் நின்றது.

வியாழக்கிழமை காலையில் சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். தடித்த மேனுவலைப் புரட்டி, "பேப்பர்ல ஈரம். ரெண்டு நாள் காய வச்சு ஓட்டுங்க" என்றார்.

"பேப்பர் இல்ல சார். மூணாவது கிரிப்பர் பிடி விடுது. சத்தத்துல தெரியுது" என்றான் சேவியர். தாளைக் கவ்வி இழுக்கும் விரல்தான் கிரிப்பர்.

எல்லாரும் காது கொடுத்தோம். வழக்கமான சத்தம்தான் கேட்டது. முதலாளி என்னைப் பார்த்தார்.

நான் சேவியரைக் கேட்டேன்: "அளந்து பார்த்தியா?"

அவன் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டான். காகிதத்தைக் காயவைக்க முதலாளி உத்தரவு போட்டார். மறுநாள் சேவியர் லீவு. கோமதிதான் விஷயத்தைச் சொன்னாள். "கோயமுத்தூர்ல ஒரு பிரஸ்ல கூப்பிட்டிருக்காவளாம். போயிருவாருன்னு நெனைக்கேன்."

அன்று முழுவதும் விதித்தாளைத் திருத்த உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். மந்திரம் என்றால் சீட்டில் எழுதியிருக்கிறது, உடனே நம்பிவிடுகிறேன். கொல்லன் தன் சங்கிலியைப் பற்றிச் சொன்னால் நிரூபி என்கிறேன். அப்போதுதான் உறைத்தது. இன்ஜினியரின் மேனுவலைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் அந்த மெஷினோடு கிடந்தவனிடம் மட்டும் கட்டையை நீட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

3. ஸ்ரீவில்லிபுத்தூர்

சாயங்காலப் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே போனேன். சேவியர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். வா என்று சொல்லவில்லை. நான் திருத்திய விதியை வாசித்தேன். மந்திரம் எவ்வளவு பெரிதானாலும் பகடை உருட்ட வேண்டும், தவறவும் செய்யும். கொல்லனின் வேலை சின்னது. ஆனால் தன் தொழிலில் அவன் சொன்னது நடக்கும், பகடை கிடையாது.

"இப்ப அந்த ஆத்தத் தாண்டு" என்றேன்.

அவன் சைக்கிள் செயினை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். "சங்கிலி நாலு பேரத் தாங்கும். அஞ்சாவது ஆளு ஏறுனா அந்துரும்."

பழக்கத்தில் என் கை சட்டைப் பையிலிருந்த பகடைக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"சரி. நாலு பேர் அக்கரைல. அஞ்சாவது கோமதி. அவ மந்திரம் போடணும், கட்டைய உருட்டணும்."

சேவியர் சிரித்துவிட்டான். உடனே முகம் மாறியது. "ஆட்டத்துல சரிலே. மெஷின்ல என்ன செய்வ?"

"நாளைக்கு வா" என்று மட்டும் சொன்னேன்.

4. சனிக்கிழமை

அவன் வந்தான், ஆனால் வாசலோரமாகவே நின்றான். காய்ந்த காகிதம் ஏற்றியாயிற்று. இன்ஜினியர் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றார். தவறிப்போனால் பெட்டியும் போகும், முதலாளி என்மேல் வைத்த நம்பிக்கையும் போகும்.

"ஓட்ட வேண்டாம் மொதலாளி. கிரிப்பரக் கழத்தணும்" என்றேன்.

"யார் சொன்னா?"

"சேவியர் சொன்னான்."

"நீ பாத்தியா?"

"இல்ல. அவன் சொன்னான்."

முதலாளி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கழத்து" என்றார். சேவியர் ஸ்பானரை எடுத்தான். மூன்றாவது கிரிப்பரின் ஸ்பிரிங் இரண்டு துண்டாக வந்தது.

அந்தப் பெட்டி ஒரு கோடை விற்றது, அவ்வளவுதான். சேவியர் கோயமுத்தூர் போகவில்லை. இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். பலத்தைக் கூட்டிக் குறைத்து யாரையும் சமமாக்க முடியாது. யார் சொல்லை உடனே நம்புகிறோம், யாரை உருட்டச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருந்ததால்தான் நான் தப்பித்தேன் என்று கோமதி இன்னும் கேலி செய்வாள். இருக்கலாம். ஆனால் நிறுத்தச் சொன்னபோது அது உடைந்திருப்பது எனக்குத் தெரியாது. அது சேவியருக்குத் தெரியும்.