கீழ்த்தட்டில் இருந்த ஆறு பாட்டில்கள்

ஓடிப்போனாளாம்! யார் ஓடிப்போனது? கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்கிறாள், என் மருமகள் புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கப்பலேறி ஓடிவிட்டாள் என்று. அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துப் படியிறக்கியதே நான்தான். மாமியார் பெட்டி தூக்கிக்கொடுத்து எவளாவது ஓடிப்போனதுண்டா? எனக்கு எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும். ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொள்.

அவள் பெரிய படிப்பாளி இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாள் வேலை. பாட்டில் கழுவப் போனவள் ஆறு வருஷத்தில் கூடத்தையே கட்டிக்காக்கிறவள் ஆகிவிட்டாள். தெருவில் அவளுக்கு வைத்த பெயர் 'அழுகின முட்டை'. சாயங்காலம் வீட்டுக்குள் வந்தால் அந்த வாடையும் கூடவே வரும், மறுக்கமாட்டேன். முதல் மாதம் நானே மூக்கைப் பொத்திக்கொண்டு, "தாயே, நேரா குளிக்கப் போயிடு" என்றவள்தான்.

"இது என் வாடை இல்ல அத்தை. அதுங்க விடுற மூச்சு" என்பாள்.

அதுங்க என்றால் கடலடிச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். மூன்று கிலோமீட்டர் ஆழம். வெளிச்சம் கிடையாது, சேற்றுக்குள் துளி காற்று கிடையாது. பூமிக்கடியிலிருந்து கசிகிற எண்ணெய்தான் சாப்பாடு. சாப்பிட்டதை எரிக்க நமக்குக் காற்று வேண்டும். அதுங்களோ கடல்நீரில் கரைந்த கந்தக உப்பை வைத்தே ஒப்பேற்றிவிடும். அந்தக் கந்தகம்தான் முட்டை வாடையாக வெளியே வருகிறது. நம்மை வாழவைக்கிற காற்று பட்டால் அதுங்க கதை முடிந்தது. கேட்கக் கேட்க எனக்குத் திறந்த வாய் மூடவில்லை.

ஆராய்ச்சிக் கப்பல் கொண்டுவந்த சேற்றைப் பன்னிரண்டு பாட்டிலில் போட்டு, காற்றை விரட்டி வேறு வாயு நிரப்பி, சொட்டு எண்ணெய் விட்டு, ரப்பர் மூடியை அழுத்தி, இருட்டு அலமாரியில் வைத்தது அவள் கைதான். எண்ணெய் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்த கப்பலில் சேறெடுக்கப் போகிறவர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஆறு வருஷம் அந்தச் சேற்றோடு குடும்பம் நடத்தியவள், அது கடலிலிருந்து மேலே வருவதை ஒருநாளும் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூடக் கப்பல்தான்.

அந்த உயிர்கள் படு மந்தம். ஒன்று இரண்டாவதற்கே மாதக்கணக்காகும். இவளுக்குப் பொறுக்குமா? மாதம் ஒருமுறை ரப்பரில் ஊசி குத்திச் சொட்டு எடுக்கச் சொன்னால், வாரம் இரண்டு தடவை குத்தினாள். அதுவும் மேல்தட்டில் இருந்த ஆறை மட்டும். கீழ்த்தட்டுக்குக் குனிய முதுகுவலி.

ஒன்பதாம் மாதம் மேல்தட்டு ஆறும் இளஞ்சிவப்பாகிவிட்டன. காற்று நுழைந்தால் காட்டிக்கொடுக்க உள்ளே ஒரு சாயம் விட்டிருப்பார்கள். ரப்பர் மூடிகள் சல்லடையாகியிருந்தன.

பக்கத்து மேஜைக்காரர் காதைக் கடித்தாராம்: "ஏம்மா, ஒரு சொட்டு மருந்து விட்டா நிறம் போயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

அன்று ராத்திரி போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னா கப்பல் போயிடும் அத்தை."

"சொல்லாட்டி?"

"செத்ததை உசுரோட இருக்குன்னு நம்பி எழுதிடுவாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பேசாம வாயை மூடிக்கிட்டு இரு என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் ஆறு பாட்டிலிலும் 'காற்று புகுந்தது, தவறு என்னுடையது' என்று தாள் ஒட்டி, ஆராய்ச்சிக்கூடத் தலைவி அம்மாவின் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டாள். பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள்.

அழுதாள். அடுத்த நாளும் வேலைக்குப் போனாள். கீழ்த்தட்டு ஆறுக்கும் மாதம் ஒரே குத்து. மற்ற நாளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாளாம்.

பதினைந்தாம் மாதம் ஐந்து பாட்டிலில் சேறு மையாகக் கறுத்தது. அதுங்க உயிரோடு மூச்சு விட்டால்தான் அப்படிக் கறுக்குமாம். அளந்து பார்த்தால் எண்ணெயில் பாதியைக் காணோம்! தலைவி அம்மா அவளைக் கூப்பிட்டு, "சேறு மேல வந்ததும் காத்து படுறதுக்குள்ள அடைக்கணும். நடுக்கடல்ல தப்பு நடந்தா அங்கேயே சொல்ற ஆள் எனக்கு வேணும். நீ வா" என்றார்களாம்.

நாற்பது நாள் பயணம். கிளம்புகிற காலையில் என் மகன் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான், கோணல் வகிடு. நானும் அவளும் பெட்டியை இறக்கினோம்.

"எங்கம்மா, பெட்டியும் கையுமா?" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

"வாடை வாங்கிட்டு வரப்போறேங்க்கா. உங்களுக்கும் ஒரு பாட்டில் கொண்டுவரவா?"

அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! அந்தக் கோபத்தில் கிளம்பியதுதான் இந்த ஓடிப்போன கதை.

தெருக்கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். "அத்தை, அடுப்புல இருக்கிறதை நிமிஷத்துக்கொரு தடவை மூடியைத் தொறந்து பார்க்காதீங்க."

"என் அடுப்பு. நான் பார்ப்பேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.