எஸ்கேப் பட்டனில் பஞ்சு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இராஜபாளையம் வந்து போகும் ஜெயசித்ராவுக்கு, பேண்டேஜ் கம்பெனியில் லேபிள் அடிக்கிற வேலை. கம்ப்யூட்டர் பழையது. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வரும். அதை அமைத்துக் கொடுத்த ஆல்வின் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். லேபிளில் 'ஸ்டெரைல்' என்பதன் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து இல்லை என்று சரக்கு திரும்பி வந்தபோது, முதலாளி காசிராஜன் ஜெயசித்ராவைப் பார்த்தார். அவள் ஆல்வினுக்கு போன் போட்டாள்.

"வி, ஐ-னு அடிச்சுட்டு பைல் பேர அடிங்கக்கா. அதான் எடிட்டர். பொறவு 'ஐ' அமுக்குனா எழுதலாம்."

விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துவிட்டாள். வெளியே வரத்தான் தெரியவில்லை.

"எஸ்கேப் அமுக்கிட்டு, கோலன், டபிள்யூ, க்யூ போட்டு என்டர் தட்டுங்க."

தட்டினாள். மூன்றும் ஸ்டெரைலுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தன. ஆல்வினுக்கு மீட்டிங். "செத்த நேரத்துல கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டான். அவள் 'எக்ஸிட்' என்று அடித்துப் பார்த்தாள். பிறகு ஆங்கில எழுத்தில் 'போதும் சாமி' என்று அடித்தாள். கோபம் இல்லை; கேட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆல்வின் திரும்பக் கூப்பிட்டான். "எஸ்கேப் பட்டன் அமுங்குதா?"

குனிந்து பார்த்தாள். "பஞ்சு அடைச்சுக் கெடக்கு தம்பி."

"அப்பம் கன்ட்ரோலப் பிடிச்சுக்கிட்டு, சதுர அடைப்புக்குறி இருக்கில்ல, இடது பக்கத்துது, அத அமுக்குங்க. அதுவும் எஸ்கேப்தான்."

அமுக்கிவிட்டு, மறுபடி கோலன், டபிள்யூ, க்யூ போட்டு என்டர் தட்டினாள். திரை அவளை வெளியே விட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு ரோல் லேபிளை ஓடவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பாதிச் சோற்றில் பேக்கிங் மாரீஸ்வரி வந்து நின்றாள். "அக்கா, பேண்டேஜுல 'போதும் சாமி'ன்னு வருது. ஒட்டவா, வேண்டாமா?"

காசிராஜன் கையிலும் ஒரு லேபிள் இருந்தது. "யாரும்மா சாமி?"

"கம்ப்யூட்டர்ட்ட சொன்னேன் அண்ணாச்சி."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுத்துரு" என்றார்.

வரியை அழிக்க இரண்டு தடவை 'டி', தப்பாக அழித்தால் 'யூ' என்று ஆல்வின் வாட்ஸப்பில் அனுப்பினான். 'டி, டி' தட்டினாள். சாமி போய்விட்டார். 'யூ' தட்டினாள். திரும்பி வந்தார். தேவையே இல்லாமல் அவரைப் பல தடவை அனுப்பி, வரவழைத்து, கடைசியாக அனுப்பினாள். மிச்சக் குப்பையையும் எடுத்துவிட்டுப் புது ரோலை ஓட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு வரிய அழிச்சு, திரும்ப வர வச்சேன்."

அவள் கணவன் பொன்னுராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அழிக்காமயே இருந்திருக்கலாம்லா" என்றான்.

மறுநாள் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸையே பிடித்துவிட்டாள். புது அளவு காஸ் துணி ஒன்றுக்கு லேபிள் மாற்ற வேண்டியிருந்தது. ஆல்வினைக் கூப்பிடவில்லை.