பந்தியில் கேட்ட பதவி

கமலாட்சி அக்காமேல் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் அக்கறை. அந்த அக்கறைதான் அவரை இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே நாற்காலியில் உட்கார வைத்திருந்தது.

ஜொகூர் பாருவை அடுத்த செனாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் சரக்குக் கம்பெனி. நான் கணக்குப் பிரிவு, அவருக்கு அடுத்த மேசை. சரக்கு சுங்கத்தில் மாட்டிக்கொண்டாலும் சரி, லாரி வழியில் படுத்துவிட்டாலும் சரி, கேட்டிலிருந்தே "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். மேலாளர் இருக்கிறாரா என்று ஒரு டிரைவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அக்காவின் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் 'உதவியாளர்' என்றுதான் போட்டிருந்தது.

அவர் சேர்ந்த புதிதில், "கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிருவாங்க" என்று சொல்லிப் பதவி உயர்வைத் தள்ளிப்போட்டார்களாம். கல்யாணம் கட்டிக்கொண்டார், போகவில்லை. அடுத்து, "இனிமே பிள்ளை குட்டின்னு ஆயிடும்" என்றார்கள். மகள் பிறந்ததும், "கைப்பிள்ளைக்காரி, பாவம்" என்றார்கள். மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய வருடம், "அம்மா பக்கத்துல இருந்தாத்தானே பிள்ளை படிக்கும்" என்று ஒருவர் கண்கலங்கவே செய்தார். அந்தப் பிள்ளை அம்மா பக்கத்தில் இல்லாமலே நன்றாகத் தேறியது, அதை யாரும் கவனிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே கல்யாணமும் பிள்ளையும் ஆண்களுக்கு வந்தபோது, "குடும்பஸ்தன் ஆயிட்டான், பார்த்து ஏதாச்சும் செய்யணும்" என்று உடனே செய்தார்கள்.

எங்கள் கிளை மேலாளர் ராமச்சந்திரன் சார். செட்டிநாட்டுக் குடும்பம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கே நாக்கு வராது. பெண்கள்மேல் அவருக்கு மரியாதை அதிகம், அதனால் கஷ்டமான பொறுப்பு எதையும் அவர்களிடம் கொடுக்கமாட்டார். மகளிர் தினத்தன்று எங்கள் ஒவ்வொருவருக்கும் தன் கையால் ரோஜாப்பூ கொடுப்பார். அந்த ரோஜாக்களைக் காலையிலேயே கூலாய் டவுன் வரை போய் வாங்கி வருவது கமலாட்சி அக்காவின் வேலை.

போன வருடம் செயல்பாட்டு மேலாளர் பதவி காலியானது. போட்டியில் இரண்டு பேர். ஒருவர் அக்கா. இன்னொருவன் யுகேந்திரன், சுங்கத் தாளை எப்படி நிரப்புவது என்று அக்காவிடமே கற்றுக்கொண்டவன். அக்கா இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. சார் அறைக்கே போய்த் தன்னை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். "பாத்துக்கலாம்மா" என்றாராம் அவர்.

"எனக்கு இது வேணும்மா. இதையும் விட்டா, ரிட்டையர் ஆகற வரைக்கும் கேக் ஆர்டர் பண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று என்னிடம் சொன்னார். யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும் கேக் சொல்வது அவர்தான்.

அந்தச் சமயத்தில் சாருடைய மகள் பிரீத்திக்கு ஜொகூர் பாருவில் கல்யாணம். அலுவலகமே குடும்பத்தோடு போயிருந்தோம். வாழையிலைப் பந்தி. சார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தானே பாயச வாளியைத் தூக்கிவிட்டார். அவர் வீட்டுப் பந்தியில் ஒருவர் அரைவயிற்றோடு எழுந்தால் அவருக்கு அன்று தூக்கம் வராது. அக்காவின் கணவர் ஜெயபாலன் அண்ணன் பள்ளி பஸ் ஓட்டுகிறவர், அமைதியான மனிதர். அவர் இலைக்கு முன்னால் சார் குனிந்து ஏதோ சொல்வதும், அண்ணன் கூச்சத்தோடு தலையாட்டுவதும் எதிர்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. பாயசப் பேச்சு என்று நினைத்தோம். கடைசியில் பாயசம் இலையில் விழத்தான் செய்தது.

அடுத்த மாதம் யுகேந்திரனைச் செயல்பாட்டு மேலாளராக அறிவித்தார்கள். அக்கா கேக் ஆர்டர் செய்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டில் சமையல் பெரும்பாலும் அவர்தான். அக்கா மேலாளரானால் அவர் பட்டினி கிடப்பார் என்று கவலைப்பட்டவர்கள் யாரும் அந்த மீனைத் தின்றதில்லை.

"அன்னிக்குக் கல்யாணத்துல சார் என்கிட்டே கேட்டாரே" என்றிருக்கிறார் அண்ணன், கரண்டியோடு திரும்பி.

"என்ன கேட்டாரு?"

"உங்க வீட்டம்மாவுக்குப் பெரிய பொறுப்பு குடுக்கலாம்னு இருக்கோம், உங்களுக்குச் சம்மதமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் எதுக்குங்க சார், இப்ப இருக்கறதே போதும்னேன்."

அக்கா அடுப்பை அணைத்தாராம்.

"இலையில உக்காந்திருக்கேன், ஒருத்தர் குடுக்கறேங்கறாரு. உடனே சரின்னா சொல்லுவாங்க? அலையற மாதிரி இருக்காது? மறுபடியும் கேப்பாருன்னு நெனச்சேன். பாயசத்துக்கு மூணு தடவ கேட்டாரு லா."

மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குக் கோபம் தாங்கவில்லை. அந்தக் கோபத்தை அண்ணன்மேல் காட்டவும் அவருக்கு மனம் வரவில்லை. நல்ல வளர்ப்பு வளர்ந்த மனிதர், நல்ல வளர்ப்பு வளர்ந்த இன்னொருவரிடம், மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னார். அக்காவின் பதவி போயிற்று.

அக்கா நேரே சாரிடம் போனார். "என்னையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"உங்க வீட்டுக்காரர் வேணாம்னுட்டாரேம்மா. என்னால உங்க குடும்பத்துல ஒரு மனஸ்தாபம் வந்துடக் கூடாது பாருங்க."

அதை அவர் அவ்வளவு கனிவாகச் சொன்னதால் அக்கா தன்னையறியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். என் மேசைக்கு வந்து, "தேங்க்ஸ் வேற சொல்லிட்டேன், அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

'இவன்தான் நிலைத்து நிற்பான்' என்று எடுத்த யுகேந்திரன் எட்டே மாதத்தில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டான். அவன் பிரிவு விருந்துக்கும் அக்காதான் கேக் சொன்னார். அவன் விட்டுப்போன வேலையை 'தற்காலிகமாக' அவரே பார்க்கத் தொடங்கினார். ஏற்கெனவே அவர் பார்த்த வேலைதான், இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் மேடம் லிம் அக்காவுக்குப் போன் செய்தார். ராமச்சந்திரனுக்கு அறுபது, ஓய்வு பெறும் வயது ஆகிறது, இன்னும் இரண்டு வருடம் இருப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், இருக்கிறார் என்றால் சந்தோஷம், இல்லை என்றால் அந்த இடத்தைப் பற்றி நானும் நீங்களும் பேச வேண்டியிருக்கும் என்றார்.

சார் இருக்கத்தான் விரும்பினார். அது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். "வீட்ல உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் அறைக்குப் புதுத் திரைச்சீலைகூட மாற்றியிருந்தார்.

அக்கா உள்ளே போனபோது நானும் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றேன்.

"சார், எச்.கியூ.ல கேக்கறாங்க. இன்னும் ரெண்டு வருசம் இருக்கீங்களான்னு."

சார் முகம் மலர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அதெல்லாம் எதுக்கும்மா. இத்தனை வருசம் இருந்ததே போதும். சின்னவங்களுக்கு வழி விடணும்ல?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பந்தியில் இலைக்குமேல் கையை நீட்டிப் போதும் என்று மறைப்பவர்கள், விரல்களை மட்டும் கொஞ்சம் விரித்து வைத்திருப்பார்களே, அப்படி இருந்தது அவர் முகம். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். 'அப்படிச் சொல்லாதீங்க சார், நீங்க இல்லாம எப்படி?' எனக்கே அது வாய்வரை வந்துவிட்டது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிங்க சார். அப்படியே சொல்லிடறேன்" என்றார்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லம்மா, நான் ஒரு பேச்சுக்கு..."

கதவருகே போன அக்கா திரும்பினார். குரலில் கோபம் துளியும் இல்லை. "வீட்ல ஒரு வார்த்தை கேக்கணுமா சார்?"

சார் என் தாளில் கையெழுத்தைத் தப்பான இடத்தில் போட்டுக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா நின்றபடியே மேடம் லிம்முக்குப் போன் போட்டு, சார் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். அக்காவின் தலை, பழக்கதோஷத்தில், பந்தியில் அண்ணன் ஆட்டியது போலவே லேசாக ஆட ஆரம்பித்தது. அவரும் அதே வளர்ப்புதானே. சட்டென்று அக்கா மேசை விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணும், மேடம்" என்று மலாயில் சொன்னார். "எனக்கு அந்த வேலை வேணும்."

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த பெண், என் காதருகே குனிந்து கேட்டார்.

"ரொம்ப அவசரப்பட்டுட்ட மாதிரி இருந்துச்சாம்மா?"