கிட்டத்தில் எடுத்த படம்

அபுதாபிக்குப் போன முதல் வருடம் எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. எழுபதுகளின் நடுவில் அந்த ஊர் பாதி கட்டிடமும் பாதி பள்ளமுமாகக் கிடந்தது. என் கணவர் சாலை போடும் ஒரு கம்பெனியில் சர்வேயர். காலையில் டியூட்டிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் திருச்சியில் விலங்கியல் படித்து, பரீட்சை முடிந்த கையோடு கல்யாணமாகி வந்தவள். ஏசியின் உறுமலைக் கேட்டுக்கொண்டு இரண்டு அறைகளுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் ஒரு ஜப்பான் கேமராவும் நீள லென்ஸும் வாங்கி வந்து கட்டிலில் வைத்தார்.

"எதையாவது படம் எடு. வீட்டுக்கு வந்தா அழுத மூஞ்சியப் பாக்க முடியல."

அன்பாகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது உள்நாட்டுப் பக்கம் ஒரு புதுச் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் கம்பெனி பிக்கப்பில் என்னையும் கூட்டிப்போவார். வண்டி ஓட்டியவர் ஒரு பட்டாணியர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் வன்னி மரங்கள் நின்றன. கோயிலில் நாம் சுற்றி வருகிற அதே வன்னி. அங்கே 'காஃப்' என்பார்கள். அந்த நிழலுக்கு மான்கள் வந்தன. ஆட்டைவிடச் சிறியவை, மணலின் நிறம், வெள்ளை வயிறு. ஓடும்வரை அங்கே ஒரு மான் நிற்பதே கண்ணுக்குத் தெரியாது.

முதல் சில வாரங்கள் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஓடுகிற பின்புறங்கள்தான். பிறகு கற்றுக்கொண்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் படுக்க வேண்டும். புடவை மேல் என் கணவருடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். வளையலைக் கழற்றி வைத்தேன். ஃபிலிம் ரோலை ஈரத்துண்டில் சுற்றி ஐஸ் பெட்டியில் கொண்டுபோனேன். மணலில் குப்புறப் படுத்து, முழங்கை மரத்துப் போகும்வரை காத்திருப்பேன். அவர் வண்டி நிழலில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மான் இருந்தது. பெண்களுக்குக் கொம்பு மெல்லியது. இதற்கு இடது கொம்பு நுனியில் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். குளிர்காலம் முடியும் சமயத்தில் அது கூட்டத்தைவிட்டுத் தனியாக மேயத் தொடங்கியது. கொஞ்சம் மேயும், தலையைத் தூக்கித் தூரத்தில் ஒரே புதர்ப்பக்கம் பார்க்கும், மறுபடி மேயும். குட்டி போட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புதர்ப்பக்கம் நான் போகவில்லை. தாய் தானாகக் கூட்டி வருகிற நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த வாரம் தாயை மட்டும் எடுத்தேன். படத்தில் அது சின்னதாகத்தான் வந்தது. ஆனால் பயமில்லாமல் நின்றது. நான் இருப்பது தெரிந்தும் அது ஓடாமல் நின்ற முதல் படம்.

என் கணவர் அந்தப் படங்களை ஆபீசுக்கு எடுத்துப்போய் மேனேஜரிடம் காட்டினார். மேனேஜர் மெட்ராஸ்காரர். வாயாடி, சாப்பாட்டுப் பிரியர். கம்பெனியில் லீவு, பிரமோஷன் எல்லாம் அவர் கையில். ஒரு நாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, படத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா இது, எறும்பு மாதிரி இருக்கு? இவ்ளோ தூரத்துல நின்னா எப்படி எடுக்கறது?"

"அது காட்டு மிருகம் சார். கிட்டப் போனா ஓடிடும்" என்றேன்.

"அட, ஓடட்டுமே. நீங்க கேமராவோட மட்டும் வாங்க. கிட்டக் கொண்டாந்து நிறுத்த வேண்டியது என் பொறுப்பு."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே என் கணவரின் கால் என் காலை அழுத்தியது. "சார் இவ்ளோ ஆசையா கூப்பிடறார்" என்று அவரே பதில் சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளி இரண்டு வண்டிகள் போயின. முன்னால் மேனேஜரின் ஜீப்பில் அவரும் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேரும். பின்னால் பிக்கப்பில் நாங்கள், அதே பட்டாணிய டிரைவர். பள்ளத்தாக்கை நெருங்கும்போதே ஜீப் ஹாரனை அடிக்கத் தொடங்கியது. கூட்டம் சிதறி மணல்மேட்டுக்கு மேல் ஏறி மறைந்தது. அந்தப் பெண் மான் மட்டும் போகவில்லை. கொஞ்சம் ஓடி, நின்று, புதர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு வேண்டுமென்றே எதிர்த்திசையில் ஓடியது. வண்டிகளைக் குட்டியிடமிருந்து இழுத்துக்கொண்டு போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அது ஓடிய பக்கம் கெட்டியான சப்பைத் தரை. வண்டிக்கு அது தார்ரோடு மாதிரி. ஜீப் ஒரு பக்கம் மறித்தது. மேனேஜர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எங்களை மறுபக்கம் போகச் சொன்னார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். என் கணவர் முன்னால் குனிந்து, "ஜல்தி, பாய், ஜல்தி!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மான் வட்டமடித்து ஓடியது. முதலில் துள்ளி, பிறகு தட்டையாக, பிறகு கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள. வாய் திறந்து நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. நான் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அது முன்னங்கால்கள் மடங்கி விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு எழ முயற்சி மட்டும் செய்தது.

மேனேஜர் இறங்கி வந்து வளைந்த கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். மூக்கிலிருந்து நுரை அவர் சட்டையில் வழிந்தது.

"ஐயே! சரி, இப்ப எடுங்கம்மா. இதுக்கு மேல கிட்டக் கொண்டாற முடியாது."

ஆபீஸ்காரர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார்.

"ஃபிலிம் தீந்து போச்சு சார்" என்றேன்.

என் கணவர் என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். எண் தெரிகிற சின்னக் கண்ணாடியைப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, "நிறைய இருக்கே" என்றார். நீள லென்ஸைக் கழற்றச் சொல்லி என் கையிலேயே கொடுத்தார். கழற்றி, சின்ன லென்ஸை மாட்டினேன். லென்ஸ் சரியாகப் பொருந்தாமல் நான் திணறியதைப் பார்த்து மேனேஜர், "பயப்படாதீங்கம்மா, அது கடிக்காது" என்றார். மறுபடியும் சிரிப்பு.

என் கணவர் கேமராவை வாங்கி நாலைந்து படம் எடுத்தார். பிறகு கேமராவை டிரைவரிடம் கொடுத்து எப்படி அமுக்குவது என்று காட்டிவிட்டு, தானும் போய் மேனேஜருக்குப் பக்கத்தில் நின்றார். நிற்கிற மாதிரி தெரியவேண்டும் என்று மானின் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள்.

படத்தை எடுத்துவிட்டு டிரைவர் கேமராவை என்னிடம் கொடுத்தார். குனிந்து மானின் மடியைப் பார்த்தார். பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"பச்சா ஹை இஸ்கா, சாப்" என்றார். குட்டி இருக்கிறது என்று.

"எங்கேயோ இருக்கும். விடு பாய்" என்றார் மேனேஜர்.

டிரைவர் மானின் கண்ணை மூடினாற்போல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். அது பிழைக்காது என்று சொன்னார். தானாகச் சாகவிட்டால் பாவம் என்றும் சொன்னார். பிறகு கத்தியை எடுத்துவந்து, அதன் தலையை மெக்கா இருக்கிற மேற்குப் பக்கம் திருப்பினார். நான் வண்டிக்குப் பின்னால் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மணல் எல்லாவற்றையும் குடித்திருந்தது. மேனேஜர், "அப்ப இன்னிக்கு பிரியாணிதான்" என்று கை தட்டினார்.

"ஏங்க, குட்டிய மட்டும் தேடிப் பாத்துட்டுப் போயிடலாங்க. அந்தப் புதர்ப்பக்கம்தான். எனக்கு இடம் தெரியும்" என்று என் கணவரிடம் கெஞ்சினேன்.

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"யல்லா, யல்லா, கெளம்புங்க. பசிக்குது."

வண்டிகள் புதர்ப்பக்கமாகப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பின.

அன்று மேனேஜர் வீட்டில் எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நான் தொடவில்லை. "உங்க மிஸஸுக்கு ரொம்ப இளகின மனசு" என்றார் மேனேஜர். "ஸுவாலஜி சார். வெறும் புஸ்தகம்" என்றார் என் கணவர். தன் தட்டைக் காலி செய்தபின் என் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

குட்டியைத் தேடிப் போகலாம் என்று மறுநாளிலிருந்து தினமும் கேட்டேன். வண்டி கிடைக்காது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, என் நச்சரிப்பு தாங்காமல் கூட்டிப்போனார். நடுவில் இரண்டு நாள் மணற்காற்று அடித்திருந்தது. ஒரு தடமும் இல்லை. அவர் வாயைக் குவித்து, நாயைக் கூப்பிடுவதுபோல் சீட்டியடித்துக்கொண்டு புதர்களைச் சுற்றி வந்தார்.

"பாத்தியா? குட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த டிரைவர் சும்மா அளந்திருக்கான். இப்பவாவது திருப்தியா?"

இந்த வகை மான் குட்டியைப் புதரடியில் படுக்க வைத்துவிட்டுப் போகும். தாய் வந்து அழைக்கும்வரை குட்டி அசையாது, சத்தம் போடாது, யார் பக்கத்தில் போனாலும் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். நான் படித்த அந்தப் புத்தகத்தில் இருந்ததுதான் இது. அவரிடம் சொல்லவில்லை. அவர் சீட்டியடித்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

இரண்டு வருடம் கழித்து அவருக்குக் குவைத்தில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்தது. வழியனுப்பும் நாளன்று மேனேஜர், மானைத் தூக்கிப் பிடித்து நின்ற அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார். கீழே 'படம்' என்று போட்டு என் பெயரை அழகாக எழுத வைத்திருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். என் கணவர் என் முதுகில் தட்டி, "தேங்ஸ் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

குவைத்தில் எங்கள் ஹாலில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அதை மாட்டினார். நான் இரண்டு முறை கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு முறையும் எடுத்து மாட்டினார். மூன்றாம் முறை கழற்றவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதன் எதிரே நின்று பார்ப்பார்கள்.

ஒருமுறை பக்கத்து ஃபிளாட்காரர் கேட்டார். "எவ்ளோ சாதுவா நிக்குது! வளர்த்த மானா சார்?"

என் கணவர் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஆமாங்க. இவ வளர்த்தது."