நான் கேட்ட ‘சரிங்க’

ஒரு பெண்ணின் மரியாதையையே அவருக்கு எதிரான சாட்சியாக மாற்றி, அவருடைய கடையைக் காலி செய்யவைத்தேன். சட்டம் என்னைக் குற்றம் சொல்லாது. ஆனால் செய்வது தவறு என்று எனக்கு அன்றே தெரியும்.

அவரை நினைத்தால் முதலில் வருவது வறுத்த மல்லியின் வாசனை. கோவையின் பழைய சந்து ஒன்றில் மாவு மில் நடத்தி வந்தார். காலையில் யாருக்கோ அரைத்துக் கொடுத்துவிட்டு நேராக நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கைகளில் ரேகைகளுக்குள் தூள் படிந்திருந்தது.

நான் கட்டடச் சொந்தக்காரரின் வக்கீல். வாடகை வழக்குகள்தான் என் பிழைப்பு. பெரும்பாலும் காலி செய்யவைக்கும் பக்கம். மகன் கடை வைக்க அந்த இடம் வேண்டும் என்று மனுப் போட்டிருந்தோம். மகனுக்கு அப்படியொரு எண்ணமே இல்லை. கூடுதல் வாடகை தருவதாக ஒரு செல்போன் கடைக்காரர் கேட்டிருந்தார். இதைக் கட்டடக்காரர் என் அறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் எதிரே இருப்பவர் பேசப் பேச ‘சரிங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதுதான் பொருள். வெள்ளகோவில் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல. கடலோர மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த நீதிபதிக்குத் தெரியாது.

குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்பதுபோல் கேட்காமல், ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னேன். கட்டடக்காரரின் மகனுக்கு இந்த இடம் உண்மையாகவே தேவை என்றேன். “சரிங்க.” நீங்கள் வேறு இடம் தேடிப் பார்க்கவே இல்லை என்றேன். “சரிங்க.” மில்லை வேறு இடத்துக்கு மாற்றினால் பெரிய நஷ்டம் வந்துவிடாது என்றேன். “சரிங்க.” ஒவ்வொன்றுக்கும் பிறகு நான் நிறுத்தினேன். நீதிபதி, அவர் அதை ஒத்துக்கொண்டதாக, ‘என்று சொன்னால் சரிதான்’ என்று பதிவு செய்யச் சொன்னார். நான் முடித்த பிறகு பேசலாம் என்று அந்த அம்மா காத்திருந்தார். வேறு கேள்வி இல்லை என்று நான் உட்கார்ந்தேன்.

“அவ்வளவுதானுங்களா? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களே” என்றார்.

பதில் சொல்லியாயிற்று, இறங்கலாம் என்றார் நீதிபதி. வேறொரு வழக்குக்காகப் பக்கத்து அறைக்குப் போயிருந்த அந்த அம்மாவின் வக்கீல் அவசரமாகத் திரும்பி வந்து, மறுவிசாரணை இல்லை, தான் திரும்பக் கேட்க எதுவுமில்லை என்றார். வாக்குமூலத்தைப் படித்துக்காட்டியபோதும் அந்த அம்மா “சரிங்க” என்று சொல்லித்தான் கையெழுத்திட்டார். படியிறங்கும்போது கட்டடக்காரர் என் தோளைத் தட்டினார். “வக்கீலுங்க, அந்தம்மா வாயாலயே வாங்கிப்போட்டீங்களே.” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. நீதிமன்ற அமீனா போய்க் கடையைக் காலி செய்தார். அரவை மிஷினை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் போனார்கள். அந்த இடத்தில் செல்போன் கடை வந்தது.

தொழிலை விட்ட பிறகு, ஆட்டோக்காரர் ‘சரிங்க’ என்றால்கூட எனக்குத் திக்கென்றது. அந்த அம்மா எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனேன். சரவணம்பட்டியில், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வேறொருவரின் மில்லில் கூலிக்கு இருந்தார். என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தெரிந்தே செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “சரிங்க” என்றார்.

என் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. வாடகையே வேண்டாம், மில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“வாடகை வாங்காம உட்டீங்கன்னா, நாளைக்குப் போன்னு சொல்றப்ப நான் எதைக் காட்டறதுங்க?”

அப்படியானால் வாடகை பேசி முறையாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

“மிஷினை அப்பவே வித்துப்போட்டனுங்க.”

என்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை.

“கேட்டுக்கிட்டேன்னு எழுதிக்குங்க” என்றார்.

பிறகு மிஷினைப் போட்டார். யாருடைய மல்லியோ அரைபடத் தொடங்கியது. தூள் படிந்த அதே கைகள், அதே வாசனை. நான் எழுந்து, வாரனுங்க என்றேன்.

“சரிங்க.”