குடுவைக்குள் இருந்த சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். கண்ணாடிக் குடுவைக்குள், பஞ்சு அடைப்புக்குக் கீழே, கலங்கல் தண்ணீராக. ஈஸ்ட்! என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து ஸ்பிரிட் எடுக்கும் ஆலையில் கெமிஸ்ட்.

"கண்ணுக்குத் தெரியாத உயிருடி. அதுக்குள்ள என்சைம் கீது. அதுதான் சர்க்கரைய ஸ்பிரிட்டா மாத்துது. அத்தினி தொட்டிக்கும் இதுதான் தாய்" என்பார். சொல்லும்போது முகம் மலரும். என்னைப் பார்த்து அந்த முகம் ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பாகு லாரி வராமல் ஆலை நின்றது. கரண்டும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. மனுஷர் சக்களத்தியை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். ஈரமணல் போட்ட பானையில் உட்காரவைத்து, ஈரத்துணி சுற்றினார்.

"சூடு ஏறினா செத்துடும். அப்பறம் ஆலை தொறந்தாலும் தொட்டி ஓடாது. என் வேலையும் பூடும்."

எனக்கு அப்போது ஏழு மாதம். வாயெல்லாம் கசப்பு. ஐஸ் போட்ட சர்பத் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். அவளுக்கு என்றதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஐஸ் வாங்கப் பறந்தார். போன இடத்தில் கலாட்டா. திரும்ப முடியவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வந்து சேதி சொன்னார்.

"சாரு பத்திரமா கீறாருங்க. துணி காயாம தண்ணி தெளிக்கச் சொன்னாரு. வெல்லத்தண்ணி கொதிக்கவச்சி ஆத்தி ஊத்தணுமாம். கையக் கழுவிக்கினுதான் தொடணுமாம்."

"என்னப் பத்தி இன்னா கேட்டாரு?"

"துணி காயவே கூடாதாம்" என்று அவர் மறுபடி ஆரம்பித்தார்.

குடுவையைச் சாக்கடையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. ஆனால் அவர் வேலை போனால் சோறு? முணுமுணுத்துக்கொண்டே துணியை நனைத்தேன். வெல்லத்தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் பொங்கப் பொங்க நுரை கட்டினாள்.

"என் கையால துன்னுட்டு ஏப்பம் வேற வுடுறியா?" என்று திட்டினேன். திட்டிவிட்டு, சூடு ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அதன்பின் வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அவள்தான்.

ஒருவழியாக அவர் வந்து சேர்ந்தார். மரத்தூள் சாக்கில் கைப்பிடி ஐஸ்தான் மிச்சம். என்னைத் தாண்டி நேரே பானைக்குப் போனார்.

"மொதல்ல கையக் கழுவுங்க! அவ ஜில்லுனுதான் கீறா. ஐஸ இப்பிடி குடுங்க."

வாங்கி வாயில் போட்டுக் கடித்தேன். அவர் கழுவிவிட்டு வந்து, குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதே மலர்ந்த முகம்.

"என் ஈஸ்ட்டு பொழச்சிக்கிச்சு!"

எனக்கு வந்ததே கோபம்! குடுவையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"யாரு ஈஸ்ட்டு?"