தலைமுடி பறக்க ஆடிய அண்ணன்

மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன மகள் இன்னும் வீடு திரும்பவில்லையே என்று பதறிக்கொண்டிருந்தேன். அவள் அறையில் ஹெவி மெட்டல் பாட்டு உறுமியது. அப்பாடா, வந்துவிட்டாள்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட வருடம், கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வாடை வீசும் எங்கள் லயத்து வீட்டில், அண்ணன் இப்படியொரு கேசட்டைப் போட்டுத் தலைமுடி பறக்க ஆடினான். பேய் பிடித்துவிட்டதென்று அம்மா முனியாண்டி கோயில் பூசாரியை அழைத்து வந்தார். பூசாரி கையில் பேயோட்டும் சாட்டை. அண்ணனை அடிப்பாரே என்று எனக்கு அழுகை முட்டியது.

பூசாரி கேசட் ரேடியோ முன் குந்திப் பாட்டைக் கேட்டார்.

"பேய் இல்லக்கா. பாடுறவனுக்குத் தொண்ட கட்டியிருக்கு லா. தம்பி, சத்தத்தக் கூட்டு!"

அவர் சாட்டையைச் சுருட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"சத்தத்தக் கொறைக்கட்டாப்பா?" மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேணாம்மா. அது கேட்டாதான் எனக்குச் சோறு எறங்கும்."